ஒருவருக்காகப் பாடிய பாட்டு

ஒரு பாட்டு யாருக்காகப் பாடப்பட்டது என்பதற்கும் அது நல்ல பாட்டா இல்லையா என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ரஸிகர்களில் பெரும்பாலோர் சொல்வார்கள். வாதம் என்று வந்துவிட்டால் நானும் அதை ஒப்புக்கொள்ளக் கூடியவன்தான். ஆயினும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், ஹைலண்ட் பார்க் என்னும் பகுதியில், 2015ஆம் வருஷம் ஒரு சிறு வீட்டின் படுக்கையறையில், 13 வயதுச் சிறுமி ஒருத்தி தன் நாட்டிய ஆசிரியருக்குக் கொடுப்பதற்கென்று பாடிப் பதிந்த பாட்டைக் கேட்கும்போதெல்லாம், இது யாருக்காக என்ற கேள்வி, பந்தி முடிந்து வெகு நேரமாகியும் திண்ணையைவிட்டு எழுந்திராத விருந்தாளியைப் போல, என் மனத்தில் உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறது. பாட்டின் பெயர் ஓஷன் ஐஸ். பாடியவள் பில்லி ஐலிஷ். பாட்டை எழுதி இசையமைத்தவன் அவளுடைய அண்ணன் ஃபினியஸ் ஓ'கானல், அப்போது அவனுக்கு 18 வயது. இந்தப் பெயர்களை இன்றைய இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்துவது அநாவசியம். அவர்களுடைய கீர்த்தியைப் பற்றிச் சொல்வதும் என் நோக்கமன்று. ஒருவருக்கென்று செய்யப்பட்ட ஒன்று, அந்த ஒருவரைத் தாண்டிக்கொண்டு, முகமறியாத கோடானுகோடிப் பேருக்கு உரியதாகிவிடும் க்ஷணத்தில் ஏதோ கைமாறுகிறது, கைமாறும்போது ஏதோ தவறி விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விழுந்தது இன்னதென்று எடுத்துக் காட்டத்தான் முடியவில்லை. இந்த முடியாமையிலிருந்து எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பாட்டை நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நிமிஷங்களுக்குச் சற்று அதிகமாக ஓடும், மிகவும் மெதுவான பாட்டு. தொடக்கத்தில் தாளமென்று தனியாக ஒன்றும் கிடையாது. மின்வாத்தியத்தின் மிருதுவான நாதம் எங்கோ தூரத்தில் விரிந்துகிடக்க, அதன்மேல் குரல் வந்து அமர்கிறது. கூர்ந்து கேட்டால் அது ஒரு குரலாக இல்லை. ஒரே சிறுமியைப் பல தடவை பாடவைத்து, அந்தப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு குரலும் இரு பக்கங்களிலும் அதன் சாயைகளுமாக நிறுத்தியிருக்கிறான் அண்ணன். தாளம் பிறகு வருகிறது, அதுவும் இரவில் உறங்கிக்கிடக்கிற வீட்டில் நடமாடுகிறவரின் ஜாக்கிரதையோடு. ஒருவருடைய விழிகளைக் கடலாகக் கண்டு, அதில் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சுகிற காதல்தான் விஷயம். புதுமை ஒன்றுமில்லை, நம்முடைய கவிகளில் யாரை எடுத்தாலும் இந்தக் கடலும் இந்த விழியும் அகப்படும். எனக்குப் பிரமிப்பாக இருப்பது வார்த்தைகளுக்கு நடுவே விடப்படும் மூச்சு. மேல் ஸ்தாயியை எட்டும்போது சாதாரணமாக எந்தப் பாடகியும் சற்று அழுத்தம் கொடுப்பாள். இவளோ அழுத்தத்தை எடுத்துவிடுகிறாள். குரல் உயர உயர மெலிகிறது, மெலிந்து காற்றோடு காற்றாகக் கலக்கும் இடத்தில் ஸ்வரம் மட்டும் பிசகாமல் நிற்கிறது. எட்டு வயதில் லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் பாடகர் குழுவில் சேர்ந்து பயின்றவள் அவள். நன்றாகத் தேர்ந்த குழந்தைக் குரலுக்கே உரிய அந்தச் சுத்தம், பிற்காலத்தில் அவள் பாடிய எத்தனையோ நல்ல பாட்டுகளில் வேறு அழகுகளுக்கு இடம் கொடுத்து விலகிவிட்டது. குழந்தைக் குரல், யௌவனத்தின் வார்த்தைகள். அண்ணன் தன்னுடைய சங்கீதக் குழுவுக்கென்று எழுதியது அந்தப் பாட்டு. தங்கை பாடினால் இன்னும் பொருந்தும் என்று நினைத்து அவளிடம் கொடுத்தான். அவள் இன்னும் வாழ்ந்திராத துக்கத்தை அவள் பாடுகிறாள் என்பதுதான் கேட்கிறவர்களை முதலில் இழுத்தது என்று நினைக்கிறேன். அந்த இழுப்பில் சற்றுக் கூச்சப்பட வேண்டிய அம்சம் ஒன்று உண்டு.

கூச்சம் என்று சொன்னதை விளக்க வேண்டும். இப்படி முணுமுணுத்துப் பாடுவது சங்கீதத்தின் சரித்திரத்தில் மிகச் சமீபத்தில் வந்த வழக்கம். இசைத்தட்டுகளின் ஆதி காலத்தில் பாடகர் ஒரு பெரிய உலோகக் குழலின் வாய்க்கு முன்னே நின்று, தொண்டையின் முழு பலத்தையும் உபயோகித்துப் பாடினால்தான் ஊசி அதிர்ந்து மெழுகில் கோடு விழும். 1925ஆம் வருஷத்தில் மின்சார ஒலிப்பதிவு வந்து மைக் புழக்கத்துக்கு வந்த பிறகே, பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி பாடுவதும் ஒரு பாட்டாகும் என்ற நிலை ஏற்பட்டது. கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் தன் குரலாலேயே எட்டிய நாடக நடிகர் கிட்டப்பா பாடியதும், மைக்கின் காதில் ரகசியம் சொல்வதுபோல் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி பாடத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் என்பதை நினைத்தால், ஒரே தலைமுறைக்குள் மனிதக் குரல் எவ்வளவு தூரம் உள்ளே நகர்ந்துவிட்டது என்பது புலப்படும். அந்தப் புதிய பாணி அமெரிக்காவில் பரவியபோது எல்லோரும் அதை மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. 1932ஆம் வருஷம் பாஸ்டன் நகரத்துக் கத்தோலிக்க கார்டினல் ஒருவர், ஆண்மையற்ற, சீர்கெட்ட பாட்டு அது என்று பகிரங்கமாகக் கண்டித்தார். அவர் பெயர் வில்லியம் ஓ'கானல். எட்டு தசாப்தங்களுக்குப் பிறகு அந்த முணுமுணுப்பை அதன் எல்லைக்கே கொண்டுபோன அண்ணனும் தங்கையும் அதே குடும்பப் பெயரைத் தாங்கியவர்களாக இருப்பது வெறும் தற்செயல்தான். சரித்திரம் சில சமயம் இப்படித் தனக்குத் தானே சிரித்துக்கொள்கிறது. கார்டினலின் கோபம் இன்று நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அவர் காதில் ஏதோ சரியாகவே விழுந்திருக்கிறது: அறைக்குள் ஒருவரிடம் மட்டும் பேசவேண்டிய தொனியில் ஊருக்கெல்லாம் பேசப்படுகிறது என்பது. வானொலிப் பெட்டியாவது கூடத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிற சாதனமாக இருந்தது. இப்போது காதுக்குள்ளேயே சொருகிக்கொள்ளும் கருவி வந்து, பாடுகிறவளின் மூச்சுக்கும் கேட்கிறவனின் செவிக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளிகூட இல்லாமல் செய்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர் ஒவ்வொருவரும் தனக்கே சொல்லப்பட்டதாக எண்ணிக்கொள்ளும் அந்தரங்கம், வேறு எவருக்கோ சொல்லப்பட்டது. அந்த எவரோ ஒரு நாட்டிய ஆசிரியர்.

அந்த ஆசிரியர், தம் மாணவி பாடவும் கூடியவள் என்று அறிந்து, அவள் பாடும் பாட்டு ஒன்றுக்கு நடனம் அமைக்கலாமே என்று கேட்டார். அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் 2015 நவம்பர் 18ஆம் தேதி பாட்டை சவுண்ட்கிளவுட் என்ற தளத்தில் ஏற்றி, இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளும் இணைப்போடு வைத்தார்கள். நடந்தது இவ்வளவுதான். பாட்டு ஓரிரவில் பரவத் தொடங்கிவிட்டது. ஹில்லிடில்லி என்ற இசைத் தளம் அதைக் கண்டெடுத்துத் தன் வாசகர்களுக்குக் காட்டிற்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இசைக் கம்பெனிக்காரர்களின் கடிதங்கள். இந்தக் கதையை அமெரிக்கர்கள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள், அவர்களுக்கு இந்த மாதிரிக் கதை மிகவும் பிடிக்கும்; வீட்டுக் கொல்லையில் கச்சா எண்ணெய் ஊற்றெடுத்த மனிதனின் கதையைப் பாட்டுக்கு மாற்றினால் இதுதான். கதையில் பொய் ஒன்றுமில்லை. என்றாலும் என்னை உறுத்துவது ஒரு சின்ன விவரம். ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் ஒரு பாட்டைச் சேர்ப்பிக்க வேண்டுமானால் அதற்கு வேறு எத்தனையோ வழிகள் இருந்தன. கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கலாம், சிறிய தகட்டில் பதிந்து கையில் கொடுத்திருக்கலாம். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒருவரை மட்டும் அழைப்பதில், தெருவில் போகிறவரும் எட்டிப் பார்க்கட்டுமே என்ற ஆசை எள்ளளவேனும் இல்லாமல் இருந்திருக்குமா? 18 வயதில் சொந்தமாக ஒரு சங்கீதக் குழு வைத்திருந்தவனுக்கு அந்த ஆசை இருந்திருந்தால் அதில் தப்பு என்ன? தப்பொன்றுமில்லை. ஆனால் அப்படியொரு ஆசை இருந்ததென்று வைத்துக்கொண்டால் என் சஞ்சலத்துக்கு அஸ்திவாரமே ஆடிப்போகிறது. இல்லையென்று வைத்துக்கொண்டால் இவ்வளவு நேர்த்தியாக அடுக்கப்பட்ட குரல்களுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை. அந்தத் தலைமுறையினருக்கு இந்த இரண்டும் வேறு வேறு என்ற பிரக்ஞையே இல்லாமல் இருக்கலாம். ஒருவருக்குக் கொடுப்பதும் உலகத்தின் முன் வைப்பதும் ஒரே விரலசைவால் நடக்கும் காலத்தில் பிறந்தவர்களிடம் போய் எதை எண்ணிச் செய்தாய் என்று கேட்பது, கேட்கிறவனின் வயதைத்தான் காட்டும்.

இந்த வெற்றி தற்செயலாக வந்தது என்ற பேச்சைப் பற்றியும் எனக்குப் பல சந்தேகங்கள் உண்டு. அந்த வீட்டைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும்; அவளைப் பற்றிய ஆவணப் படம் 2021ஆம் வருஷம் வெளிவந்தபோது அதைக் கண்ணாலேயே பார்க்கவும் முடிந்தது. இரண்டே படுக்கையறைகள் உள்ள வீடு. தாய் தந்தை இருவரும் நடிப்புத் தொழிலில் உள்ளவர்கள், நட்சத்திரங்கள் அல்லர். பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பித்தார்கள். பாட்டு எழுதுவதெப்படி என்று தாயே வகுப்பு நடத்தினாள். பிள்ளைகள் ஆளுக்கொரு அறையை எடுத்துக்கொள்ளட்டும் என்று பெற்றோர் கூடத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தார்கள். இந்தக் கடைசி விவரம் ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓஷன் ஐஸ் பாட்டின் உற்பத்தி ஸ்தானம் எதுவென்று யாரேனும் கேட்டால், கணினியைச் சொல்ல மாட்டேன், இணையத்தைச் சொல்ல மாட்டேன். அந்தக் கூடத்துக் கட்டிலைத்தான் சொல்வேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே வரியை நாற்பது தடவை பாடினாலும் யாரும் அலுத்துக்கொள்ளாத வீடு எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்? நம் ஊரில் வாய்ப்பாட்டுப் பரம்பரைகளில் பிறந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது, காலையில் கண் விழிக்குமுன்பே காதில் ஸ்வரம் விழும் என்று சொல்வதுண்டு. அந்தப் பாக்கியத்துக்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் அதே பாக்கியத்துக்கு அதிர்ஷ்டம் என்று பெயர். ஓரிரவில் வந்த வெற்றி என்கிறார்கள். அந்த ஓரிரவுக்கு முன்னால் எத்தனையோ இரவுகளைக் கூடத்தில் கழித்த இருவர் இருந்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு சிறுமியின் ஞாபகம் வருகிறது. நியூஸிலாந்தைச் சேர்ந்த எல்லா யெலிச்-ஓ'கானர், லார்ட் என்ற பெயரில், 2012 நவம்பரில், தன் முதல் பாட்டுகளை அதே சவுண்ட்கிளவுட் தளத்தில் இலவசமாகவே வெளியிட்டாள்; அவற்றுள் ராயல்ஸ் என்ற பாட்டு மறு வருஷம் அமெரிக்கப் பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றது. யாரோ ஒரு பள்ளிச் சிறுமி தன்பாட்டுக்குப் போட்டுவைத்ததை உலகம் கண்டெடுத்துக்கொண்டது என்றுதான் அதையும் பலர் நினைத்தார்கள். உண்மையில் அவளுடைய பள்ளிப் பாட்டுப் போட்டியின் பதிவைக் கேட்டுவிட்டு, அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே யூனிவர்சல் கம்பெனி அவளை ஒப்பந்தம் செய்துகொண்டு, பக்குவம் வரட்டும் என்று காத்திருந்தது. இலவசமாக வெளியிட்டதும் யோசித்துச் செய்த காரியமே. பாட்டு நல்ல பாட்டு, அதில் எனக்கு அபிப்பிராய பேதம் கிடையாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரிவது இதுதான்: யாரும் எதையும் எண்ணாமல் போட்டுவைத்தது போன்ற தோற்றத்துக்கு, 2012ஆம் வருஷத்திலேயே, ஒரு மதிப்பு ஏற்பட்டுவிட்டிருந்தது, வியாபாரிகள் அதை அறிந்திருந்தார்கள். அப்படியானால் 2015இல் வந்த அசல் எண்ணாமையை நாம் எப்படி அடையாளம் கண்டுகொண்டோம்? அடையாளம் கண்டுகொண்டோம் என்பதற்கு என்ன அத்தாட்சி? குரலில் இருக்கிறது என்று என் செவி சொல்கிறது. செவியின் சாட்சியத்தைக் கோர்ட்டில் வைத்தால் நிற்காது.

அதைவிட விசித்திரம், அந்தப் பாட்டுக்கு இரண்டு ஜன்ம தினங்கள் இருப்பது. 2015 நவம்பர் 18ஆம் தேதி அது எல்லோரும் கேட்கும்படி வெளியில் வந்தது; 2016 நவம்பர் 18ஆம் தேதி டார்க்ரூம், இன்டர்ஸ்கோப் என்ற கம்பெனிகள் அதை மறுபடியும் ‘வெளியிட்டன’. நடுவிலிருந்த ஒரு வருஷ காலமும் ஜனங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியிருக்க, இரண்டாவது தேதியில் பிறந்தது எது? பாட்டு அல்ல, சரக்கு என்று வெடுக்கென்று சொல்லிவிடலாம். சொன்னால் அது அநியாயமாகிவிடும். கம்பெனி வந்திராவிட்டால் அந்த வீட்டார் பிழைப்புக்கு வேறு வழி பார்த்திருக்க வேண்டும், பாட்டு ஒரு பருவத்து ஞாபகமாக நின்றுபோயிருக்கும். கம்பெனி பணம் கொடுத்தது, அவகாசமும் கொடுத்தது. முதல் சிறு தொகுப்பு 2017இல்தான் வந்தது, முழு இசைத் தொகுப்பு 2019 மார்ச் வரைக்கும் வரவில்லை. அவ்வளவு காலம் ஒரு சிறுமியைப் பொறுத்திருந்து வளரவிட்டது அந்தத் தொழிலில் அபூர்வம் என்றே சொல்ல வேண்டும். இதற்கிடையில் ஓஷன் ஐஸ் பாட்டை வேறு பலர் கையில் கொடுத்து, தாளத்தையும் வேகத்தையும் மாற்றிப் புது வடிவங்களாகவும் வெளியிட்டார்கள். அவற்றைக் கேட்டிருக்கிறேன். சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. மூச்சை மட்டும் காணோம்.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. சவுண்ட்கிளவுட்டில் ஒரு பாட்டு ஓடும்போது அதன் ஒலி அலைகள் மலைத்தொடர்போல் ஒரு சித்திரமாகத் தெரியும். கேட்கிறவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை அந்தச் சித்திரத்தின் எந்த வினாடியில் வேண்டுமானாலும் ஒட்டிவிட்டுப் போகலாம். கச்சேரியில் ஒரு பிடி விழும்போது பக்கத்திலிருப்பவர் ‘ஆஹா’ என்பதுபோல, இன்ன இடத்தில் என் உள்ளம் நின்றது என்று முகமறியாதவர்கள் அடையாளம் வைத்துவிட்டுப் போகிற அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. சபையில் எஞ்சியிருந்த கடைசிச் சின்னம் அது. ஸ்பாட்டிஃபை போன்ற பெரிய தளங்களில் அதுவும் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். ஸ்பாட்டிஃபையின் சட்டப்படி, ஒருவர் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால் அது ஒரு கேட்பு. இருபத்தொன்பதாவது வினாடியில் அழுதுவிட்டு எழுந்து போனவர் கணக்கில் சேரமாட்டார். 2024ஆம் வருஷத்திலிருந்து, பன்னிரண்டு மாதங்களில் 1000 கேட்புகளை எட்டாத பதிவுக்கு அங்கே காசும் கிடையாது. ஓஷன் ஐஸ் அதே இடத்தில் 100 கோடியைத் தாண்டிவிட்டது. ஆயிரத்தை எட்டாதவை எத்தனை லக்ஷம் என்பதைப் பற்றி யாரும் கொண்டாட்டம் நடத்துவதில்லை. அவற்றுள் எத்தனையோ, ஒருவருக்கென்றே பாடப்பட்டு, அந்த ஒருவரால் கேட்கவும் பட்டு, அதனாலேயே தன் காரியத்தை முற்றும் நிறைவேற்றிக்கொண்டவையாக இருக்கும். சட்டத்தின் பார்வையில் அவை பாடப்படவே இல்லை. இதற்கு மாறாக, 1902ஆம் வருஷம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதன்முதலில் இசைத்தட்டுக்குப் பாடியபோது, பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னாள்; ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் தட்டு அச்சிடுகிறவர்கள் யார் பாடியது என்று தெரிந்துகொண்டு சீட்டு ஒட்டுவதற்காக. பாடுகிறவள் ஒருத்தி, பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறவன் ஒருத்தன், இருவரும் பார்த்துக்கொண்டதில்லை; என்றாலும் அந்தப் பெயரை அவள் யாரோ ஒரு மனிதனுக்காகச் சொன்னாள் என்பது பழைய தட்டில் இன்றும் கேட்கிறது. 100 கோடி என்ற தொகைக்கு எதிரே நின்றுகொண்டு யாரிடம் பெயர் சொல்வது?

நடனம் என்னாயிற்று என்பதை இதுவரை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அந்தப் பாட்டுக்கு அவள் ஆடும் காட்சி படமாகவும் வந்தது. கைகால்கள் நீண்டு வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்துச் சிறுமியின் சரீரம், குரலைப் போலவே அழுத்தத்தைத் தவிர்த்துக்கொண்டு நகர்கிறது. ஆனால் பாட்டு பரவிக்கொண்டிருந்த அந்தக் காலத்தை ஒட்டியே இடுப்பெலும்பின் வளர்ச்சிப் பகுதியில் பலத்த காயம் பட்டு, அவள் நாட்டியப் பயிற்சியை விட்டுவிட வேண்டியதாயிற்று. எந்தக் கலைக்குத் துணையாகப் பாட்டு பிறந்ததோ அந்தக் கலை அவளைவிட்டுப் போய்விட்டது. துணையாக வந்ததே தொழிலாக நின்றது. இதைச் சோகமாகச் சித்திரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அவளே அப்படிச் சித்திரித்து அநுதாபம் தேடியவள் அல்லள். ஆடுவதை இழந்த துயரத்தைப் பேட்டிகளில் மறைக்கவும் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆசிரியருக்கும் மாணவிக்கும் நடுவில் நடந்த ஒரு சிறு கொடுக்கல் வாங்கலை நினைத்துப் பார்க்கிறேன். அவர் கேட்டார், அவள் கொடுத்தாள். அந்தக் கணக்கு நேராகிவிட்டது. மற்ற நாம் எல்லோரும், நூறு கோடியோ இருநூறு கோடியோ, அழைப்பில்லாமல் வந்து கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டவர்கள். ஒட்டுக்கேட்டவர்களின் கூட்டம் பெரிதாகிவிட்டதும், பேச்சு அவர்களை நோக்கித் திரும்பத்தான் வேண்டும். சில வருஷங்களில் அவள் பெரிய பெரிய தளர்ந்த உடுப்புகளில் மேடையேறினாள். தன் உடம்பைப் பற்றி யாரும் அபிப்பிராயம் சொல்ல முடியாதிருக்கட்டும் என்பதே காரணம் என்று அவளே ஒரு விளம்பரத்தில் பகிரங்கமாகச் சொன்னாள். குரல் மூலம் அவ்வளவு நெருங்கி வர அனுமதிக்கப்பட்ட கூட்டம், அதே நெருக்கத்தை எல்லாவற்றிலும் எதிர்பார்க்கும் என்பதை அந்த வயதுக்குள் ஒரு பெண் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, முதல் பாட்டில் மட்டுமே சுதந்திரம் இருக்கும், வெற்றிக்குப் பின் வருவதெல்லாம் கூட்டத்துக்காகச் செய்யப்படுவது என்று ஒரு சித்தாந்தத்தை நான் நிறுவிவிடப் போகிறேன் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். நிறுவியிருப்பேன், அந்த உடன்பிறப்புகளே அதற்கு இடம் வைக்கவில்லை. பணமும் கீர்த்தியும் வந்த பிறகும் அவர்கள் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களைத் தேடிப் போகாமல், 2019இல் வந்த முழுத் தொகுப்பையும் அதே வீட்டில், அதே சிறிய படுக்கையறையில், அவள் கட்டிலில் உட்கார்ந்து பாட, அவன் எதிரே கணினியின் முன் உட்கார்ந்து பதியச் செய்துமுடித்தார்கள். 2020 ஜனவரியில் கிராமி விருதுகளில் பிரதானமான நான்கையும் 18 வயதில் அவள் ஒரே இரவில் வாங்கினாள். அதற்கு முன் அப்படி வாங்கியவர் 1981இல் கிறிஸ்டோபர் கிராஸ் ஒருவர்தான். அந்தத் தொகுப்பைக் கேட்கிறவர்களுக்கு ஒன்று விளங்கும்: பாடுகிறவளுக்கு எதிரே ஒருவன் இருக்கிறான். கிண்டல் செய்யவும், இன்னொரு தடவை என்று சொல்லவும், போதும் என்று நிறுத்தவும் உரிமையுள்ள ஒருவன். ஆசிரியர் இருந்த இடத்தில் அண்ணன் உட்கார்ந்துகொண்டான் என்று சொல்லலாமா? அல்லது முதலிலிருந்தே அவனுக்காகத்தான் அவள் பாடினாளா, ஆசிரியர் ஒரு வியாஜம்தானா? இரண்டாவதுதான் உண்மை என்று சில நாட்களில் தோன்றுகிறது. அப்போது என் சஞ்சலம் தணிகிறது. வேறு சில நாட்களில், 13 வயதுக் குரலில் கேட்ட அந்தச் சுத்தத்தை மறுபடி எந்தப் பாட்டிலும் கேட்கவில்லையே என்று தோன்றும். அது வயது செய்த காரியமா, கூட்டம் செய்த காரியமா என்று பிரித்தறிய வழியில்லை. வயது செய்ததென்று விட்டுவிடுவதே மரியாதை.

அந்தப் பிள்ளைகள் தங்களுக்கென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டுவிட்டார்கள். அவர்களைப் பார்த்துக் கிளம்பியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. படுக்கையறைப் பாட்டு என்று இன்று ஒரு தனிப் பாணியே ஏற்பட்டு, அதற்கென்று பட்டியல்கள் இருக்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் கச்சிதமாகப் பதியக்கூடிய வசதியுள்ளவர்களும், படுக்கையறையில் பதிந்தது போன்ற இரைச்சலை வேண்டுமென்றே சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்பவர் முப்பதாவது வினாடிக்கு முன் விலகிவிடக் கூடாதென்று முகப்பு இசை சுருங்கி, பல்லவி முன்னால் வந்து நிற்கிறது. ஓஷன் ஐஸ் பாட்டை இன்று ஒரு புது முகம் கொண்டுவந்து கொடுத்தால், தாளம் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்று கேட்டுத் திருத்தச் சொல்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முணுமுணுப்பு இப்போது ஒரு பாடம். மூச்சு எங்கே கேட்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். இதையெல்லாம் கற்றுக்கொண்டு ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில் எழுந்து எண்ணிக்கையைப் பார்க்கும் பிள்ளைக்கு, அந்த லாஸ் ஏஞ்சலிஸ் கதையை உதாரணமாகக் காட்டுவோர் பலர்: பார், எதையும் எதிர்பாராமல் போட்டாள், உலகமே வந்தது என்று. எதிர்பாராமல் இருந்தால் உலகம் வரும் என்று எதிர்பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற உபதேசம் அது. கேட்பதற்கு ஆசிரியர் ஒருவரும், எழுதித் தருவதற்கு அண்ணன் ஒருவனும், தங்கள் அறையை விட்டுக்கொடுத்த பெற்றோரும் இருந்த இடத்தில் பிறந்த பாட்டு ஓஷன் ஐஸ். நல்ல பாட்டு, இன்னும் வெகு காலம் கேட்கப்படும். முதல் பாட்டை இணையத்தில் ஏற்றக் கிளம்பும் பிள்ளைகளுக்கு அதன் வெற்றியை வழிகாட்டியாக வைப்பது தவறு, வைப்பவர்கள் அந்தப் பாட்டைச் சரியாகக் கேட்டவர்களும் அல்லர் என்பது என் முடிவான அபிப்பிராயம்.